உற்றது உரைத்தல்

மருத்துவரின் அறையில் நடக்கும் உரையாடலை ஒரு பிரதியாக வாசிக்க முடியும். அதன் நீளம்தான் முதலில் கண்ணில் படுகிறது. 67 நாடுகளின் தரவுகளைத் தொகுத்து 2017இல் ‘பி.எம்.ஜே. ஓப்பன்’ இதழில் வெளிவந்த ஆய்வின்படி, முதல்நிலை மருத்துவர் ஒரு நோயாளிக்குச் செலவிடும் சராசரி நேரம் சுவீடனில் இருபத்திரண்டரை நிமிடம், வங்கதேசத்தில் 48 வினாடி. இந்தியாவில் ஏறத்தாழ இரண்டு நிமிடம். சளி, காய்ச்சலுக்கு இது போதலாம். நீரிழிவு சமையலறையிலும் உறக்கத்திலும் கைச்செலவிலும் குடியிருக்கும் நோய். ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. இத்தனை பேரின் நோய் இரண்டு நிமிடத்திற்குள் பேசி முடிக்கப்படுகிறது.

அந்த இரண்டு நிமிடத்தில் யார், என்ன கேட்கிறார்கள்? நன்னூல் வினாவை ஆறாகப் பிரிக்கிறது. விடை தெரிந்தே கேட்பது அறிவினா. தெரிந்துகொள்ளக் கேட்பது அறியாவினா. கேள்வியின் வடிவில் கட்டளையிடுவது ஏவல் வினா. “மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?” என்பது ஏவல் வினா. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்தபடியே “இனிப்பு சாப்டீங்களா?” என்பது அறிவினா, தீர்ப்பு ஏற்கெனவே எழுதப்பட்டுவிட்டது. அங்கே அரிதாகவே ஒலிப்பது அறியாவினா. “நேத்து மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்டீங்க?” என்று ஒருவர் கேட்டால் போதும், வேறொரு கதை வெளிவரும். காலையில் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, எல்லோருக்கும் பரிமாறி, பாத்திரம் கழுவி, மூன்று மணிக்குத் தட்டின் முன் உட்காரும் பெண்ணுக்குக் கை நடுங்குகிறது, வேர்க்கிறது. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். அவளோ அதை ‘மயக்கம்’ என்று கடந்துபோகிறாள். கடைசியில் சாப்பிடும் வழக்கம் ஒரு மருத்துவத் தகவல் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

விடைகளை நன்னூல் எட்டாகப் பிரிக்கிறது. மருத்துவ அறை ஏற்றுக்கொள்வது இரண்டை மட்டும்: ஆம் என்னும் நேர் விடை, இல்லை என்னும் மறை விடை. “தினம் நடக்குறீங்களாம்மா?” என்ற கேள்விக்கு “பாதம் எரியுதுங்க சார்” என்று ஒரு பெண் சொன்னால், கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை என்றாகிவிடுகிறது. தனக்கு நேர்ந்ததைச் சொல்வதையும் இலக்கணம் முழுமையான விடையாகவே கொள்கிறது; அதற்கு ‘உற்றது உரைத்தல்’ என்று பெயர். பாத எரிச்சல் சர்க்கரையால் நரம்பு பாதிக்கப்பட்டதன் அறிகுறியாக இருக்கலாம். இலக்கணம் ஒப்புக்கொண்ட விடையைக் கடிகாரம் தள்ளிவிடுகிறது. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் குறுக்கிடுகிறார் என்று அமெரிக்காவில் 1984இலேயே ஓர் ஆய்வு கணக்கிட்டுச் சொன்னது.

அம்மாவுடன் பல ஆண்டுகளாகப் பல மருத்துவமனைகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெஞ்சில் பெண்கள் எல்லாவற்றையும் பேசுகிறார்கள்: சிறுநீர்க் கடுப்பு, பிறப்புறுப்பில் ஓயாத அரிப்பு, கணவரின் கோபம், கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வேலைக்குப் போவது. அடிக்கடி வரும் சிறுநீர்த் தொற்றும் பூஞ்சைத் தொற்றும் சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதைக் காட்டக்கூடியவை. அதே பெண்கள் உள்ளே போனதும், பின்னால் வரிசையில் இருவர் நிற்கும்போது, “பரவால்லைங்க டாக்டர்” என்கிறார்கள். இதை அறியாமை என்று சொல்ல மாட்டேன். திரைச்சீலை இல்லாத அறை அவர்களை அப்படிப் பேச வைக்கிறது.

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறுகளாக்கி முடிகிறது: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, அருகிருந்து பார்த்துக்கொள்பவர். சொற்கள் ஆண்பாலில் இருந்தாலும் நான்காவது இடத்தில் நம் வீடுகளில் நிற்பவள் பெண். அவருக்குத் தனிக் குழம்பு, வேளைக்கு மாத்திரை, கையில் தண்ணீர். அவளே நோயுற்றவளாகும்போது அந்த நான்காவது இடம் காலியாகிறது. “அரிசியைக் குறைங்க” என்ற அறிவுரை அவளிடம் சொல்லப்படுகிறது. நியாயவிலைக் கடையில் விலையில்லாமல் கிடைப்பது அரிசி. தனக்கென்று தனி உலை வைக்க நேரமும் காசும் அவளிடம் இல்லை.

மருத்துவர்களை வில்லன்களாக்குவது எளிது. வாசலில் நூறு பேர் நிற்க, அவர்களும் அதே கடிகாரத்தின் கீழ்தான் வேலை செய்கிறார்கள். அந்தக் கடிகாரம் யாரைத் தண்டிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். 2020இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, பெண் மருத்துவர்கள் ஒரு நோயாளியிடம் ஆண் மருத்துவர்களைவிட ஏறக்குறைய 16 சதவீதம் அதிக நேரம் செலவிடுகிறார்கள் என்றும், ஈட்டும் வருவாய் 11 சதவீதம் குறைவு என்றும் கண்டது. காதுகொடுத்துக் கேட்பது அங்கே கூலியில்லாத வேலை. இங்கே 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவருபவர்கள் பெண் தன்னார்வலர்கள். பேருந்துக் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிச்சமாவது சிறிய விஷயமல்ல. இத்திட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் திண்ணையில் உட்கார்ந்து முழுக் கதையையும் கேட்கும் அந்தப் பெண் ஊக்கத்தொகை பெறுபவள். மாத்திரையின் அளவை மாற்ற அவளால் முடியாது. கேட்கும் காது ஓரிடத்திலும் எழுதும் கை வேறிடத்திலும் இருக்கின்றன.

அதனால் கூடுதல் நிமிடங்களைக் கேட்பதோடு நாம் நின்றுவிடக் கூடாது. தன்னார்வலர் கேட்டது நோயாளியின் நோட்டில் எழுதப்பட்டு, மருத்துவர் அதைப் படித்துவிட்டுப் பேச்சைத் தொடங்க வேண்டும். அறையில் ஒரு திரை வேண்டும். ஒவ்வொரு முறையும் ஓர் அறியாவினாவாவது கேட்கப்பட வேண்டும். அதற்கு வரும் விடை நேராகவோ மறையாகவோ இல்லாமல் உற்றதை உரைப்பதாக இருந்தால், பேனாவை நிறுத்திவிட்டு அதைக் கேட்க வேண்டும்.