காப்பியின் பூர்வோத்தரம்

சென்ற ஆண்டு நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி. 'நம் பண்பாட்டின் அடையாளம் ஒன்று' என்பது தலைப்பு. நடுவர் மூவரில் அடியேனும் ஒருவன். ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஃபில்டர் காப்பியைப் பற்றிப் பேசினாள். தில்லியிலேயே பிறந்து வளர்ந்த குழந்தை. ழகரம் பிசகாமல், காகிதத்தைப் பார்க்காமல் நான்கு நிமிடம் பேசினாள். ஈராயிரம் ஆண்டுகளாக நம் முன்னோர் பித்தளை டவராவில் காப்பி ஆற்றிக் குடித்தார்கள் என்றும், பித்தளையின் சத்து காப்பியில் இறங்கும் என்ற அறிவியல் அவர்களுக்கு அன்றே தெரிந்திருந்தது என்றும் சொல்லி முடித்தாள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மூவரும் ஒருமனதாக முதல் பரிசு கொடுத்தோம். சான்றிதழில் என் கையெழுத்தும் இருக்கிறது.

வீடு திரும்பும்போது மெட்ரோவில் என் மனைவி கேட்டாள்: "ஏங்க, எங்க பாட்டி காலத்துலயே காலைல நீராகாரம்தான். அந்தப் பொண்ணு ரெண்டாயிரம் வருஷம்னு சொல்லுதே, சரியா?"

"சரியில்லைதான்."

"பின்னே எதுக்குப் பரிசு குடுத்தீங்க?"

அதற்கு அன்று என்னிடம் பதில் இல்லை. இந்தக் கட்டுரை அந்தப் பதிலைத் தேடும் முயற்சி.

பூர்வகதைகள் மூன்று விதம்

இட்லி, சாம்பார், சேலை, கொலு என்று எதை எடுத்தாலும் இன்று அதற்கொரு பூர்வகதை கைப்பேசியில் வந்து சேர்கிறது. காப்பியைப் பற்றி வருவனவற்றை மூன்று விதமாகப் பிரிக்கலாம்.

முதலாவது, தொன்மைக் கதை. எல்லாம் ஆதியிலிருந்தே நம்மிடம் இருந்தன என்பது. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காப்பிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைக் காய்ச்சிக் குடிக்கும் பழக்கம் 15ஆம் நூற்றாண்டில் ஏமன் நாட்டுச் சூஃபிகளிடம் இருந்தது. இரவு வழிபாட்டில் தூக்கம் வராமலிருக்க அவர்களுக்கு அது உதவியது. அரபியில் 'கஹ்வா', துருக்கியில் 'கஹ்வே', டச்சில் 'கோஃபி', ஆங்கிலத்தில் 'காஃபி', நம்மிடம் 'காப்பி'. பெயரே வந்த வழியைச் சொல்லிவிடுகிறது. தனித்தமிழ் அன்பர்கள் 'கொட்டை வடிநீர்', 'குளம்பி' என்றெல்லாம் பெயர் வைத்துப் பார்த்தார்கள். ஆனாலும் காலையில் எழுந்ததும் நமக்கு வேண்டியது காப்பிதான்.

இரண்டாவது, வீரர் கதை. பாபா புடன் என்ற சூஃபிப் பெரியவர் 17ஆம் நூற்றாண்டில் ஹஜ் யாத்திரை முடித்து வரும்போது, அரேபியர் வெளியே விடாத காப்பி விதைகளில் ஏழை மறைத்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் பக்கத்து மலையில் நட்டார் என்பது ஐதிகம். அந்த மலைக்கு இன்று அவர் பெயர்தான். அழகான கதை; ஒரு முஸ்லிம் துறவியை நாம் நன்றியோடு நினைக்க வைப்பதால் நல்ல கதையும்கூட. குறை என்னவென்றால் அது ஏழு விதையோடு நின்றுவிடுகிறது. ஏழு விதை லட்சக்கணக்கான ஏக்கர் ஆனது எப்படி, யார் காட்டைத் திருத்தினார்கள், யார் பழம் பறித்தார்கள் என்பதெல்லாம் அதில் இல்லை.

மூன்றாவது, சொற்கதை. கும்பகோணம் டிகிரி காப்பியின் 'டிகிரி' என்ன? பாலின் தரத்தை லாக்டோமீட்டரில் அளந்த டிகிரி என்பார் ஒருவர். 'சிக்கரி'தான் வாய்வழக்கில் 'டிகிரி' ஆயிற்று என்பார் இன்னொருவர். முதல் டிகாக்ஷனுக்கு முதல் டிகிரி என்று பெயர் என்பார் மூன்றாமவர். மூவருமே காலம் குறித்த சான்று ஒன்றையும் காட்டுவதில்லை. இதற்கிடையே நெடுஞ்சாலை நெடுகிலும் அந்தப் பெயர்ப் பலகை முளைத்துவிட்டது. சொல்லின் வரலாறு தெரியாவிட்டாலும் சொல் விற்கிறது.

மூன்று கதைகளுக்கும் பொதுவான குணம் ஒன்று உண்டு. கேட்கிறவருக்குப் பெருமை தரும். மேற்கொண்டு ஒரு கேள்வி கேட்க விடாது. கதை பொய்யாக இருப்பதைவிட இந்தக் குணம்தான் எனக்குக் கவலை தருகிறது.

யார் கை வழியாக?

"எங்கிருந்து வந்தது?" என்று கேட்பதை விட்டு, "யார் கை வழியாக வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். படம் மாறிவிடும்.

காப்பியைப் பெருந்தோட்டப் பயிராக ஆக்கியவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஆங்கிலேயர்கள். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காப்பியைக் கொண்டுவந்தார். குடகு, வயநாடு, நீலகிரி என்று தோட்டங்கள் பரவின. கடல் தாண்டி இலங்கையிலும் அதே காலத்தில் கண்டி மலைகளில் காப்பி நட்டார்கள். அங்கே வேலைக்கு ஆள் போனது நம் ஊர்களிலிருந்து. ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்து ஏழை ஜனங்கள் தோணியில் கடல் கடந்து, காட்டுவழியே கால்நடையாக மலையேறினார்கள். காலராவிலும் பசியிலும் வழியிலேயே மாண்டவர்கள் ஏராளம்.

மலையகத் தமிழர் என்றதும் நமக்குத் தேயிலைதான் நினைவுக்கு வரும். உண்மையில் அவர்களை முதலில் அங்கே இட்டுச் சென்றது காப்பி. 1869இல் இலைத்துரு நோய் கண்டு, அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தோட்டங்கள் அழிந்த பிறகுதான் தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. தம் முன்னோர் போய்ச் சேர்ந்த ஆண்டாக 1823ஐ வைத்து, 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தே சென்று 200 ஆண்டை நினைவுகூர்ந்தார்கள் மலையக மக்கள்.

இந்தியக் காப்பியில் இன்று ஏறக்குறைய பத்தில் ஏழு பங்கு கர்நாடகத்தில் விளைகிறது. தமிழ்நாட்டின் பங்கு இருபதில் ஒன்று அளவுதான். 'தமிழன் கண்ட காப்பி' என்று மார்தட்ட இடமில்லை. தமிழன் நட்ட காப்பி, தமிழச்சி பறித்த காப்பி என்று சொல்ல இடம் உண்டு. தொன்மைக் கதை மறைப்பது இதைத்தான். இல்லாத பெருமையைத் தேடி ஓடுகிறோம். இருக்கிற உறவைக் கண்டுகொள்வதில்லை.

அடுக்களைக்கு வந்த கதை

தோட்டத்துக் காப்பி அடுக்களைக்கு வந்த கதையை நன்றாகச் சொல்லும் நூல், ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' (2000). தலைப்பே பாதி வரலாறு. உ.வே.சாமிநாதையர் (1855-1942) போன்ற ஒருவருடைய பிள்ளைப் பருவத்தில் காலைக் காப்பி கிடையாது. அவர் முதுமைக்குள் காப்பியில்லாத காலையே கிடையாது. ஒரே ஆயுளுக்குள் நடந்த மாற்றம் இது. பழையதும் நீராகாரமும் விலகி அந்த இடத்தில் காப்பி உட்கார்ந்தபோது எதிர்ப்பும் பலமாகவே இருந்தது. உடம்புக்கு ஆகாது, பணத்துக்குக் கேடு, பெண்களைக் கெடுக்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. இன்று நாம் மரபு என்பதை அன்றைய பெரியவர்கள் மரபுக்கு வந்த ஆபத்து என்றார்கள். நூடுல்ஸைப் பார்த்து நாம் பெருமூச்சு விடுகிறோமே, அப்படித்தான்.

காப்பி பிராமண நடுத்தரக் குடும்பத்தின் அடையாளமாகவும், தேநீர் நகரத்து உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்ததை இந்நூல் காட்டும் விதம் அருமை. சாதியை விட்டுவிட்டு உணவைப் பற்றிப் பேச முடியாது என்பதற்கு இது நல்ல பாடம். காப்பி கிளப்புகளின் வாசலில் 'பிராமணாள்' என்ற பலகை தொங்கிய காலம் அது. 1957இல்கூட அந்தச் சொல்லை அழிக்கச் சொல்லித் திருவல்லிக்கேணி முரளி கஃபேயின் முன்னால் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. டவராவின் பளபளப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பலகையையும் சேர்த்துப் பேசுவதுதான் நியாயம்.

நூலின் மேல் எனக்கு ஒரு குறை உண்டு. அதன் கண் நகரத்து நடுத்தர வர்க்கத்தின் மேலேயே நிற்கிறது. குடித்தவர்களை அறிந்துகொள்கிறோம், பறித்தவர்கள் தூரத்திலேயே இருக்கிறார்கள். தேயிலைக்கு பி.எச். டேனியல் எழுதிய 'ரெட் டீ' நாவல் இருக்கிறது, இரா. முருகவேள் தமிழில் 'எரியும் பனிக்காடு' என்று தந்தார். காப்பித் தோட்டத்துக்கு அப்படியொரு புத்தகம் தமிழ் வாசகர் கையில் வந்து தங்கவில்லை.

காப்பி ஹவுஸும் சிக்கரியும்

வெளிமாநிலத்தில் இருக்கும் நமக்கு நெருக்கமான இன்னொரு கதை காப்பி ஹவுஸ். சிந்தனையாளர்கள் கூடி உண்டாக்கிய இடம் என்று நினைத்துக் கொள்கிறோம். அதன் மூலம் விற்காத சரக்கு! 1930களின் உலகப் பொருளாதார மந்தத்தில் இந்தியக் காப்பிக்கு வெளிநாட்டுச் சந்தை சுருங்கியது. 1935இல் சட்டம் போட்டு, காப்பிமேல் ஒரு தீர்வை வசூலித்து, அந்தப் பணத்தில் உள்நாட்டு ஜனங்களைக் காப்பி குடிக்கப் பழக்கினார்கள். அதற்காக 1936இல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காப்பி ஹவுஸ் திறந்தது. ஆக அது ஒரு விளம்பர ஏற்பாடு.

1950களின் நடுவில் காப்பி போர்டு இவற்றை மூடத் தொடங்கியபோது ஊழியர்கள் தெருவில் நின்றார்கள். ஏ.கே. கோபாலன் தூண்டுதலில் அவர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து, 1957இல் பெங்களூரிலும் பிறகு தில்லியிலும் கடையைத் தாங்களே எடுத்து நடத்தினார்கள். நம் கன்னாட் பிளேஸ் காப்பி ஹவுஸ் நெருக்கடி நிலைக் காலத்தில் இடிபட்டு, மோகன் சிங் பிளேஸ் மாடிக்குப் போனதும் அந்தக் கதையின் தொடர்ச்சிதான். வியாபாரத்துக்காகப் பிறந்த ஒன்றைப் பண்பாடாக ஆக்கியவர்கள், தலைப்பாகை கட்டிக் காப்பி கொண்டுவந்து வைத்த பரிசாரகர்கள்.

சிக்கரி கதையும் இப்படித்தான். 1806இல் நெப்போலியன் ஆங்கிலேயச் சரக்கைத் தடுத்தபோது ஐரோப்பாவில் காப்பி அரிதாகி, பிரெஞ்சுக்காரர்கள் சிக்கரி வேரை வறுத்துக் கலந்தார்கள். இங்கே அது குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. எத்தியோப்பியச் செடி, கன்னட மண், குஜராத்தி வேர், பஞ்சாபி எருமைப் பால் எல்லாம் கூடிய தில்லித் தமிழன் வீட்டுக் காப்பியில் எதைக் கலப்படம் என்று சொல்வது?

யாருடைய அடையாளம்?

2024இல் 'டேஸ்ட் அட்லஸ்' உலகக் காப்பிப் பட்டியலில் நம் ஃபில்டர் காப்பிக்கு இரண்டாம் இடம் கொடுத்தது. எனக்கே ஏழெட்டுப் பேர் அனுப்பினார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த அடையாளத்தில் ஒரு சங்கடம் உண்டு. அக்கம்பக்கத்தார் நம்மை இட்லி, தோசை, ஃபில்டர் காப்பி என்று சுருக்கினால் கோபம் வருகிறது. மேடை கிடைத்தால் நாமும் அதே மூன்றைத்தான் எடுத்து வைக்கிறோம்.

ஜங்புராவில் மதராசி கேம்ப் என்று ஒரு குடிசைப் பகுதி இருந்தது. 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. அங்கே சங்க வேலையாக இரண்டு மூன்று தடவை போயிருக்கிறேன். போன வீட்டிலெல்லாம் "உக்காருங்க சார், டீ குடிச்சிட்டுப் போலாம்" என்று சுத்தத் தமிழ்நாட்டு உபசாரம். வீட்டு வேலை, கட்டட வேலை செய்து பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பிய குடும்பங்கள். டவரா டம்ளர்தான் தமிழ் அடையாளம் என்றால் அவர்களை எதில் சேர்ப்பது? பேச்சுப் போட்டித் தலைப்பு வைக்கும்போது எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன மாதம் அந்தப் பெண்ணையும் அவள் அம்மாவையும் காய்கறிக் கடையில் பார்த்தேன். பரிசு கொடுத்த கையால் திருத்தமும் கொடுக்க வேண்டுமே என்று, இலங்கைக் காப்பித் தோட்டம்வரை மெல்லச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. "அப்ப அது நம்மளோடது இல்லையா, அங்கிள்?" என்று கேட்டாள்.

"நம்மளோடதுதாம்மா. ரெண்டாயிரம் வருஷம் முன்னாடி கண்டுபிடிச்சதால இல்ல. நம்ம ஜனங்க பாடுபட்டு நட்டாங்க, உங்க கொள்ளுப்பாட்டி மாதிரிப் பொம்பளைங்க புதுசா கத்துக்கிட்டு நம்ம ருசிக்குப் போட்டாங்க. அதனால நம்மளோடது."

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இதை யாராச்சும் எனக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?" என்றாள். சொல்லியிருக்க வேண்டியவர்கள் மேடையில் உட்கார்ந்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். அடுத்த போட்டியில் உச்சரிப்புக்கும் தோரணைக்கும் கொடுக்கும் மதிப்பெண்ணில் ஒரு பங்கைக் குறைத்து, "இது உனக்கு எப்படித் தெரியும்?" என்ற கேள்விக்கு ஒதுக்குங்கள். பிள்ளைகள் பாட்டியைக் கேட்பார்கள், நூலகத்தைக் கேட்பார்கள், டீ கொடுத்த வீட்டையும் கேட்பார்கள். நடுவர்களையும் அதே கேள்வி கேட்கலாம். முதலில் என்னைக் கேளுங்கள்.