கோழியைக் கவ்வி நிற்கும் 'புலி': ஒரு புகைப்படத்தை வாசிப்பது எப்படி?

இந்தப் படத்தை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். முதுகில் வரிகள் கொண்ட, நாய் மாதிரியான ஒரு விலங்கு வாயில் கோழியைக் கவ்விக்கொண்டு நிற்கும். தைலசின், அதாவது டாஸ்மேனியப் புலி. ஹாரி பர்ரெல் என்ற ஆஸ்திரேலிய இயற்கையியலாளர் எடுத்தது. 1921-இல் ஆஸ்திரேலிய அருங்காட்சியகத்தின் இதழில் வெளிவந்தது.

இந்தப் படத்தோடு ஒரு கதையும் சேர்ந்தே சுற்றுகிறது. "இந்தப் பொய்ப் படத்தால்தான் ஓர் இனமே அழிந்தது" என்பது அந்தக் கதை. படத்தையும் கதையையும் சேர்த்தே விமர்சிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் படம். அச்சில் வந்தது வெட்டப்பட்ட வடிவம். வெட்டாத படத்தில் பின்னால் வேலியும் கூண்டு அமைப்பும் தெரிகின்றன. அதாவது இது காட்டில் திருடும்போது கையும் களவுமாகப் பிடித்த படம் இல்லை. டாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் கேரல் ஃப்ரீமன் 2005-இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார்: அதில் நிற்பது உயிருள்ள விலங்கே இல்லை, பாடம் செய்து நிறுத்திய உடல் என்பது அவர் முடிவு. அவர் சொல்வதை ஏற்காதவர்கூட, வெட்டியது வெட்டியதுதான் என்பதை மறுக்க முடியாது. படம் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று முடிவெடுத்து, அதற்கு இடைஞ்சலான பகுதியை ஓரமாக நறுக்கியிருக்கிறார்கள்.

இங்கேதான் பலரும் நின்றுவிடுகிறார்கள். "படம் போலி, ஆகவே விலங்கு நிரபராதி." இது தவறான தர்க்கம். சாட்சி பொய் சொன்னால் சாட்சியம் செல்லாது, அவ்வளவுதான். குற்றம் நடக்கவில்லை என்று அதனால் நிரூபணம் ஆகாது. டெஸ்ட் கேஸ் தப்பாக எழுதியிருந்தால் ப்ரோக்ராம் சரி என்று அர்த்தமா என்ன?

அடுத்து, காலவரிசை. டாஸ்மேனியாவில் தைலசினின் தலைக்கு விலை வைத்தது வான் டீமன்ஸ் லேண்ட் கம்பெனி, 1830-இல். அரசாங்கம் களத்தில் இறங்கியது 1888-இல்: வளர்ந்த விலங்குக்கு ஒரு பவுண்டு, குட்டிக்குப் பத்து ஷில்லிங். 1909 வரை மொத்தம் 2,184 முறை அந்தப் பணம் கொடுக்கப்பட்டிருக்கிறது. பர்ரெலின் படம் அச்சானது அதற்கு 12 வருஷம் கழித்து. படம் அந்த நம்பிக்கையை உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த நம்பிக்கைக்கு முகம் கொடுத்தது. காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிப் போட்டுவிட்டு "ஒரு படம் இனத்தையே அழித்தது" என்பது கேட்க நன்றாக இருக்கும், ஆனால் வரலாறு அப்படி நடக்கவில்லை.

மூன்றாவது விஷயம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தலைக்கு விலை வைத்தது கோழிக்காக இல்லை, செம்மறி ஆட்டுக்காக. படம் நூறு சதம் உண்மையாகவே இருந்தாலும் அது வேறு வழக்கின் சாட்சி!

சரி, ஆடு செத்துக் கிடக்கிறது, கொன்றது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இதற்கு நிதானமான ஒரு முறை இருக்கிறது. தோலை உரித்துப் பார்க்க வேண்டும். கடிவாயைச் சுற்றித் தோலுக்கு அடியில் ரத்தம் கட்டியிருந்தால், கடிபட்டபோது இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ரத்தக்கட்டு இல்லாமல் வெறும் கிழிசல் மட்டும் இருந்தால், செத்த பிறகு வந்து தின்றது. அப்புறம் கடி எங்கே விழுந்திருக்கிறது, கோரைப்பல் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, எந்தப் பகுதியிலிருந்து தின்னத் தொடங்கியது, சுற்றிலும் என்ன தடம். நாய்கள் என்றால் பெரும்பாலும் பின்னங்கால், விலா, காது என்று கண்ட இடத்திலும் கடி இருக்கும். பல ஆடுகள் குதறப்பட்டு, தின்னாமலே கிடக்கும்.

டாஸ்மேனியாவில் இந்தப் பரிசோதனைக்கு ஒரு பெரிய சிக்கல் உண்டு. அதன் பெயர் டாஸ்மேனியன் டெவில். பிணம் தின்னி. எலும்பு, தோல், ரோமம் என்று எதையும் மிச்சம் வைக்காது. ராத்திரி நாய் கொன்ற ஆடோ, குளிரில் விறைத்துச் செத்த ஆடோ, டெவில்கள் புகுந்து போனால் காலையில் தடயமே இருக்காது. லாக் ஃபைலை யாரோ அழித்துவிட்டுப் போன மாதிரி. மிச்சம் இருப்பது மேய்ப்பரின் ஊகம் மட்டுமே. அந்த ஊகத்தில் காணாமல் போன ஆடுகள் எல்லாம் ஒரே கணக்கில் ஏறும். திருட்டுப் போன ஆடு உட்பட.

ராபர்ட் பேடிலின் 'கடைசி டாஸ்மேனியப் புலி' (2000) என்ற ஆங்கில நூல் பலம் பெறுவது இங்கேதான். அவர் விலங்கை மட்டும் பார்க்காமல், குற்றம் சாட்டியவர்களையும் பார்க்கிறார். தைலசின் ரத்தம் உறிஞ்சிக் குடிக்கும் என்று பல புத்தகங்களில் வந்த செய்தி, ஒரு மேய்ப்பர் குடிசையில் காதுவழி கேட்ட ஒற்றைக் கதையிலிருந்து பிறந்தது என்று பின்தொடர்ந்து காட்டுகிறார். 1886-இல் ஜான் லைன் நாடாளுமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம் 12-க்கு 11 என்ற வாக்கில்தான் நிறைவேறியது. அந்த அவையிலேயே ஏறக்குறைய பாதிப் பேர் நம்பவில்லை என்று அர்த்தம். "அந்தக் காலத்தில் யாருக்கும் தெரியாது" என்ற சமாதானம் இதோடு அடிபட்டுப் போகிறது.

இன்னொரு பக்கம், 2,184 என்ற எண்ணைப் பாருங்கள். அது பணம் கொடுக்கப்பட்ட தைலசின்களின் எண்ணிக்கை. தைலசின் கொன்ற ஆடுகளின் எண்ணிக்கை இல்லை. எதை எண்ணினால் பணம் வருமோ அதை எண்ணினார்கள். எதை எண்ணினால் உண்மை தெரியுமோ, அதை எண்ண யாருக்கும் சம்பளம் இல்லை.

பிற்கால ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2011-இல் மேரி அட்டார்டும் குழுவினரும் மண்டையோடுகளைக் கணினி மாதிரியாக்கிப் பார்த்தார்கள். திமிறும் பெரிய இரையைச் சமாளிக்கும் அமைப்பு அந்தத் தாடைக்கு இல்லை, சிறிய விலங்குகளே அதன் இரையாக இருந்திருக்கும் என்பது அவர்கள் முடிவு. 2020-இல் வந்த இன்னொரு ஆய்வு, வளர்ந்த தைலசினின் சராசரி எடையை 16.7 கிலோ என்று கணக்கிட்டது. அதுவரை எல்லோரும் நம்பியது 29.5 கிலோ. ஏறக்குறைய பாதிதான்!

இப்போது அந்தப் படத்துக்குத் திரும்பிப் போங்கள். தாடை ஆய்வு சரி என்றால், பெரிய செம்மறி ஆடு அதன் இரையாக இருந்திருப்பது சந்தேகம்தான். ஆனால் கோழி? கோழி அதற்குக் கச்சிதமான அளவு. பிறந்த ஆட்டுக்குட்டியும் அப்படியே. ஆக, சோடித்த படம் நடந்திருக்கக்கூடிய ஒன்றைக் காட்டுகிறது; சட்டம் போட்டுத் தண்டித்த குற்றமோ ஒழுங்காக விசாரிக்கப்படவே இல்லை. "நிரபராதி" என்று நான் சொல்லமாட்டேன். விசாரணையே இல்லாமல் தீர்ப்பு வந்தது, அவ்வளவுதான் நம்மால் சொல்ல முடியும்.

1936 ஜூலை 10 அன்று தைலசினுக்கு முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் இருந்த கடைசி விலங்கு செப்டம்பர் 7 அன்று செத்தது. நடுவில் 59 நாள்.

அடுத்த தடவை இந்தப் படம் உங்கள் கண்ணில் பட்டால், "இது போலியா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்தக் குற்றத்துக்கு இது சாட்சி, அந்தக் குற்றத்தில் தோலை உரித்துப் பார்த்தவர் யாராவது உண்டா என்றும் கேளுங்கள்.