பெயருக்கு ஒரு கார்

நம் தேருக்கு "கார்" என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள் இங்கிலீஷ்காரர்கள். கார்த்திகை தீப உற்சவத்தின் ஏழாம் நாள் திருவண்ணாமலையில் மகா ரதம் புறப்பட்டால், இங்கிலீஷில் எழுதுகிறவர்களுக்கு இன்றைக்கும் அது "கார் பெஸ்டிவல்"தான். கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் மோட்டார் பந்தயத்தைப் பற்றி வெகுநாளாக நடந்து வரும் ஒரு விவாதத்தைத் தீர்ப்பதற்கு இந்தத் தேரே ஒரு நல்ல உரைகல் என்பது என் அபிப்பிராயம். அதைப் பிறகு சொல்கிறேன்.

விவாதம் இதுதான். கடையில் விற்கும் ஒரு காரின் பெயரைச் சூட்டிக்கொண்டு பந்தயத்தில் ஓடுகிற வண்டி, எவ்வளவு தூரம் அந்தக் காராகவே இருக்க வேண்டும்? அமெரிக்காவில் "ஸ்டாக் கார்" பந்தயம் என்று ஒன்று உண்டு. ஸ்டாக் என்றால் கடையில் இருக்கும் சரக்கு. பந்தயத்துக்கென்று விசேஷமாகச் செய்த யந்திரம் அல்ல. நீங்களும் நானும் பணத்தைக் கட்டி வாங்கி வந்து வாசலில் நிறுத்தக்கூடிய வண்டி. அப்படிப்பட்ட வண்டிகளை ஓட்டிப் பார்ப்போம் என்றுதான் அந்தப் பந்தயத்தை ஆரம்பித்தார்கள்.

ஆரம்பித்தபோது அதில் கண்டிப்பும் இருந்தது. 1949 ஜூன் 19ஆம் தேதி ஷார்லட் நகரில், மண் ஓடுபாதையில் முதல் பந்தயம் நடந்தது. அந்த வகுப்புக்கே "முற்றிலும் கடைச் சரக்கு" என்று பொருள்படும் பெயர். கிளென் டனவே என்பவர் 1947ஆம் வருஷத்து ஃபோர்டு காரில் முதலாவதாக வந்தார். பிறகு வண்டியைச் சோதித்தார்கள். பின்புறத்து ஸ்பிரிங்குகளில் யாரோ கை வைத்திருந்தது தெரிந்தது. அந்தப் பக்கத்தில் கள்ளச் சாராயம் கடத்துகிறவர்கள், பாரம் ஏற்றினாலும் வண்டி தாழாமல் இருக்கச் செய்கிற தந்திரம் அது. பரிசு பறிபோயிற்று. லிங்கன் காரில் பின்னால் வந்த ஜிம் ரோப்பர் ஜெயித்ததாக அறிவித்தார்கள். ஃபோர்டின் சொந்தக்காரர் கோர்ட்டுக்குப் போனார், வழக்கு நிற்கவில்லை. ஒரு ஸ்பிரிங்குக்கு அவ்வளவு மரியாதை கொடுத்தார்கள்!

அந்த மரியாதை நீடிக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை ஜெயித்தால் திங்கட்கிழமை விற்கும்" என்பது அமெரிக்க மோட்டார் வியாபாரிகளின் வேதவாக்கு. வியாபாரம் புகுந்த இடத்தில் தந்திரம் புகாமல் இருக்குமா? 1969இல், ஒரு மாதிரியைப் பந்தயத்தில் ஓட்ட வேண்டுமானால் அதே மாதிரியில் 500 கார்களையாவது பொதுஜனங்களுக்கு விற்பனைக்கு வைக்க வேண்டும் என்று விதி இருந்தது. உடனே டாட்ஜ் கம்பெனி கூர்மூக்கும், பின்னால் ஆள் உயரத்தில் ஓர் இறக்கையுமாக ஒரு காரைச் செய்து கடைக்கு அனுப்பிற்று. அடுத்த வருஷம் பிளிமத்தும் அதே காரியத்தைச் செய்தது. பந்தயத்தில் அவை பறந்தன. மணிக்கு 200 மைல் வேகத்தைத் தாண்டின. கடையிலோ அவற்றை வாங்க ஆள் இல்லை. மூக்கையும் இறக்கையையும் கழற்றிவிட்டுச் சாதாரணக் காராக விற்ற கடைக்காரர்களும் உண்டு. கடைச் சரக்கைப் பந்தயத்துக்கு எடுத்துப் போன காலம் மாறி, பந்தயத்துக்காகக் கடையில் சரக்கு வைக்கும் காலம் வந்துவிட்டது.

இன்றைக்கு நிலைமை என்ன? நம் நாட்டுக் கடையில் விற்கும் டொயோட்டா கேம்ரி நான்கு சிலிண்டர் எஞ்சினும் மின்சார மோட்டாரும் சேர்ந்த கார். முன் சக்கரங்கள் வண்டியை இழுத்துப் போகின்றன. அமெரிக்கப் பந்தயத்தில் அதே பெயரில் ஓடுவதற்கு எட்டு சிலிண்டர். சக்தி பின் சக்கரங்களுக்குப் போகிறது. கதவு திறக்காது, ஓட்டுகிறவர் ஜன்னல் வழியாக உள்ளே நுழைகிறார். முன் விளக்கு வெறும் ஸ்டிக்கர். 2022இல் கொண்டுவந்த புதிய வண்டியில், மூன்று கம்பெனிகளின் கார்களுக்கும் எஞ்சினும் மேற்கூடும்தான் வேறு. மற்றபடி அடிச்சட்டத்திலிருந்து சக்கரம் வரை அநேகமாக எல்லாம் பொதுவான உறுப்புகள். இதைவிட வேடிக்கை, ஷெவர்லே கம்பெனி கமரோ என்ற காரின் உற்பத்தியை 2023 முடிவில் நிறுத்திவிட்டது. 2024 பந்தயங்களில் கமரோ ஓடிக்கொண்டேயிருந்தது. கடையில் செத்துப்போன கார், களத்தில் சிரஞ்சீவி!

திருவண்ணாமலையில் எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் செல்போனில் இந்தப் பந்தயத்தைச் சற்று நேரம் பார்த்தார். அவர் கை படாத கார் இந்த ஊரில் குறைவு. "என்னா சார் இது, கதவையும் காணோம், லைட்டையும் காணோம், பேரு மட்டும் கேம்ரியா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இந்த விவாதத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனம் ஒன்றை நான் இதுவரை படித்ததில்லை.

கதை எழுதுகிறவனுக்கு இது பழக்கமான சங்கதி. ராஜா ராணிக் கதை என்று சொல்லி எழுதினால், குதிரை பறந்தாலும் வாசகர் ஆட்சேபிப்பதில்லை. ஆனால் நம் தெருவில் நடக்கிற கதை, நடுத்தரக் குடும்பத்துக் கதை என்று ஆரம்பித்துவிட்டு, மூன்றாம் அத்தியாயத்தில் குமாஸ்தாவின் பெண்சாதி மாதம் ஒரு வைர அட்டிகை வாங்கினால் வாசகர் புஸ்தகத்தை மூடிவிடுவார். பறப்பது குற்றமல்ல; பறக்காத ஒன்றின் பெயரில் பறப்பதுதான் குற்றம்.

இதற்கு எதிர்க்கட்சியில் சொல்லும் வாதம் அலட்சியம் செய்யத் தக்கதல்ல. கடைக் கார் மனிதனைக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோகச் செய்தது. 200 மைல் வேகத்தில் சுவரில் மோதச் செய்ததல்ல. 2001 பிப்ரவரியில் டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில் டேல் எர்ன்ஹார்ட் என்ற பிரசித்தி பெற்ற வீரர் இறந்தார். அதன் பிறகுதான் கழுத்தைக் காக்கும் கவசம் கட்டாயமாயிற்று. மோதலைத் தாங்கும் சுவர்கள் வந்தன. 2007இல் ஓட்டுகிறவரின் உயிரை முன்னிட்டு வண்டியையே புதிதாக வகுத்தார்கள். "உங்கள் பெயர்ப் பொருத்தத்துக்காக மனிதன் சாக வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

இங்கேதான் தேர் எனக்கு உதவுகிறது. திருவாரூர் ஆழித் தேருக்குத் திருச்சி பாரத மிகுமின் நிலையத்தார் இரும்பு அச்சும் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்தினார்கள். அதனால் அது தேர் அல்ல என்று ஆகிவிட்டதா? ஜனங்கள் அதே வடத்தைப் பிடித்து இழுக்கிறார்கள். தேர் அதே வீதியில் அதே நடையில் அசைந்து வருகிறது. உயிரைக் காப்பதற்காகச் செய்த மாற்றம் பொருளின் இயல்பைக் கெடுக்கவில்லை. அதே தேருக்குள் ஒரு மோட்டாரை ஒளித்து வைத்து, வடத்தை அலங்காரத்துக்குத் தொங்கவிட்டால் ஊர் ஒப்புக்கொள்ளுமா? இந்த இரண்டு மாற்றங்களுக்கும் நடுவில்தான் கோடு கிழிக்க வேண்டும். இரும்புக் கூண்டு, இருக்கைப் பட்டை, தீயணைப்புக் கருவி ஆகியவை எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். எஞ்சினையும் கூட்டையும் மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது கூடாது.

நம் ராஜ்யத்தின் கதை இந்தக் கோட்டைத் தெளிவாகக் காட்டுகிறது. 1953இல் சென்னை மோட்டார் விளையாட்டு கிளப் ஏற்பட்டது. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், இரண்டாம் உலக யுத்த காலத்து விமானத் தளத்தில் பந்தயங்கள் நடந்தன. இறக்குமதியான பெரிய வண்டிகளும் ஓடின. ஆனால் அம்பாஸடரும் ஃபியட்டும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடியபோது கூட்டத்துக்கு இருந்த உற்சாகமே தனி. காரணம், அவை அவர்கள் தெருவில் நின்ற வண்டிகள். ஹெரால்டு சென்னைக்குப் பக்கத்திலேயே தயாரானது. வாங்குவதற்கு வேறு கார் இல்லாத காலம் அது. வெளிநாட்டு உதிரிப் பாகம் கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆகவே இருக்கிற எஞ்சினையே இழைத்து இழைத்து வேகம் கூட்டினார்கள் நம் மெக்கானிக்குகள். வண்டிகளை மாற்றவில்லை என்று சொல்லமாட்டேன், நன்றாகவே மாற்றினார்கள். ஆனால் உள்ளே இருந்தது அதே அம்பாஸடர் எஞ்சின், பார்க்கிறவன் ஏமாறவில்லை.

அந்தக் களத்திலிருந்து வந்தவர் கோயமுத்தூர் கரிவரதன். அவருக்கு முழுக்க முழுக்கப் பந்தயத்துக்கான வண்டியே வேண்டியிருந்தது. மாருதி 800 காரின் எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் பந்தய வண்டியைச் செய்தார். அதை மாருதி கார் என்று அவர் சொல்லவில்லை. "ஃபார்முலா மாருதி" என்று வேறு பெயர் வைத்தார். குறைந்த செலவில் எத்தனையோ இளைஞர்கள் அதில் ஓட்டப் பழகினார்கள். 1995இல் அவர் விமான விபத்தில் மறைந்தார். கோயமுத்தூருக்கு அருகே செட்டிபாளையத்தில் உள்ள ஓடுபாதை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. புதிது செய்தவன் புதுப் பெயர் வைத்தான். நாணயம் என்பது அதுதான்.

கடைக் கார்களையே ஓட்டினால் பந்தயம் சப்பென்று இருக்கும், எந்தக் கம்பெனி கார் நல்லதோ அதுவே எப்போதும் ஜெயிக்கும் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. அதற்குப் பரிகாரமாகத்தான் எல்லோருக்கும் ஒரே கார் என்ற பந்தயங்கள் வந்தன. 2010இல் இந்தியாவில் ஆரம்பித்த போலோ கோப்பை அப்படிப்பட்டது. போட்டி சமமாகிறது, வாஸ்தவம். ஆனால் கம்பெனி நினைத்தால் பந்தயம் உண்டு, நினைக்காவிட்டால் இல்லை. மேலும், அங்கே நம் பட்டறைக்காரருக்கு வேலை இல்லை. சாலையில் போகிற பையன்கள் தங்கள் வண்டியையும் பந்தய வண்டி என்று நினைத்துவிடுவார்கள் என்பது இன்னோர் ஆட்சேபம். நான் நேர்மாறாக நினைக்கிறேன். தன் வீட்டுக் காரைப் போன்ற ஒன்றைக் களத்தில் இறக்குவதற்கு முன் எத்தனை கம்பி, எத்தனை பட்டை, எத்தனை சோதனை வேண்டியிருக்கிறது என்று கண்ணால் பார்க்கிறவனுக்குத்தான், அவை இல்லாமல் நெடுஞ்சாலையில் பறப்பது பைத்தியக்காரத்தனம் என்று உறைக்கும்.

2024 ஆகஸ்டு கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவில் விளக்கொளியில் பந்தயம் நடத்தினார்கள். பார்க்கக் கண்கொள்ளாக் காட்சிதான். ஓடியவை யாவும் பந்தயத்துக்கென்றே பிறந்த வண்டிகள். அவற்றை அப்படியே சொன்னார்கள், அதில் குறை இல்லை. ஆனால் அந்த வண்டியைத் தொட்டுப் பழக வழியுள்ள இளைஞன் லட்சத்தில் ஒருவன். திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் எண்ணெய்க் கையோடு நிற்கிற பையனுக்கு அதில் நுழைய வாசல் இல்லை. பழைய காரை வாங்கிச் செப்பனிட்டு ஓட்டும் வகுப்புதான் அவனுக்கு வாசல். அந்த வகுப்பிலும் மாற்றத்துக்கு மேல் மாற்றம் என்று அனுமதித்துக்கொண்டே போனால், கடைசியில் பணம் உள்ளவன் ஜெயிப்பான். வாசல் மறுபடி மூடிக்கொள்ளும். பெயர் மெய்யாக இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

அமெரிக்காவின் சின்ன ஊர் ஓடுபாதைகள் சிலவற்றில் ஒரு விதி உண்டு. ஜெயித்தவனுடைய எஞ்சினை, முன்கூட்டியே அறிவித்த விலையைக் கொடுத்துவிட்டுத் தோற்றவன் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆகவே ஆயிரம் ரூபாய் எஞ்சினில் யாரும் பத்தாயிரம் ரூபாய் வேலை செய்துவைக்க மாட்டான்; கைத்திறனைக் காட்டுவான், பணப்பையைக் காட்டமாட்டான். நம் கிளப்புகளும் ஒரே ஒரு வகுப்பிலாவது இந்த விதியைப் பரீட்சித்துப் பார்க்கலாம். மேலே எத்தனை உயர்ந்த வகுப்புகள் வேண்டுமானாலும் இருக்கட்டும். அவற்றுக்குக் கரிவரதனைப்போல் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும். கடைக் காரின் பெயரில் ஓடும் வகுப்பில் மட்டும், பந்தயம் முடிந்ததும் மூடியைத் திறந்தால், உள்ளே இருப்பது இன்னது என்று நம் ஊர்ப் பட்டறைக்காரருக்கு அடையாளம் தெரிய வேண்டும்.