கீழாநெல்லியும் வேதிப்பெயர்களும்: தமிழ் மூலிகைக் கட்டுரைகள் குறித்த ஒரு மதிப்பீடு

தமிழில் வெளிவரும் மூலிகைக் கட்டுரைகளுக்கு ஒரு வாய்பாடு அமைந்துவிட்டது. முதலில் தாவரவியற்பெயர், அடுத்து வேதிப்பொருள்களின் பட்டியல், ஈற்றில் தீரும் நோய்களின் வரிசை. பட்டியலையும் வரிசையையும் இணைக்க வேண்டிய வாதம் மட்டும் பெரும்பாலும் காணப்படுவதில்லை. வேதிப்பெயர் அங்கே ஓர் அடைமொழியின் வேலையையே செய்கிறது. மிகுதியாக எழுதப்பெற்ற மூலிகைகளுள் ஒன்றான கீழாநெல்லியை முன்வைத்து இக்குறையை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிக்கல் பெயரிலேயே தொடங்குகிறது. இலைக்காம்பின் கீழ் வரிசையாகக் காய் தொங்குவதால் தமிழர் இதனைக் கீழாநெல்லி என்றனர். மலாய்க்காரர் 'டுக்கோங் ஆனாக்', அதாவது குழந்தையைச் சுமப்பது, என்றனர். இரு மொழியினரும் கண்ட காட்சி ஒன்றே எனலாம். கட்டுரையாளர் பலர் இதற்குப் பில்லாந்தஸ் நிரூரி என்னும் பெயரைத் தருகின்றனர். ஆயின், அப்பெயருக்குரிய தாவரம் அமெரிக்கப் பகுதிக்குரியது என்பதையும், நம் பகுதிகளில் பரவலாக வளர்வது பில்லாந்தஸ் அமாரஸ் என்பதையும் 1950களிலேயே வெப்ஸ்டர் என்னும் தாவரவியலார் தெளிவுபடுத்தினார். இதனோடு செந்நிறத் தண்டும் சொரசொரப்பான காயும் உடைய பில்லாந்தஸ் யூரினேரியாவும் கலந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. அமாரஸும் வெப்பமண்டல அமெரிக்காவில் தோன்றிப் பரவியது என்பது இன்றைய தாவரவியலார் கருத்து. அவ்வாறாயின், பழஞ்சுவடிகள் கீழாநெல்லி என்று சுட்டியது எச்செடியை? இது சுவடி படிக்கத் தெரிந்த நம் துறையினர் எடுத்துக்கொள்ள வேண்டிய வினா. வேதியியலாருக்கு விட்டுவிடத்தக்கதன்று.

செடி மாறினால் வேதிப்பொருளும் மாறும். கட்டுரைகள் தவறாது குறிக்கும் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் ஆகிய லிக்னான்களின் அளவு இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுகிறது. ஜெரானின், கொரிலாஜின் முதலிய டானின்கள் நீரில் இறங்குபவை. லிக்னான்களோ ஆல்ககால் போன்ற கரைப்பான்களிலேயே நன்கு கரைபவை. ஆகவே, மோரில் அரைத்துக் குடிப்பதற்கு உரிய சான்றாக ஆல்ககால் சாற்றின் ஆய்வைக் காட்டுவது பொருந்தாது.

மருத்துவச் சான்றைக் கையாளும் முறையிலும் இதே குறையைக் காண்கிறோம். 1988இல் தியாகராசன் குழுவினர், நோபல் பரிசு பெற்ற புளூம்பர்க்குடன் இணைந்து, கல்லீரல் அழற்சி பி நச்சுயிரியைச் சுமப்போரிடம் அமாரஸ் பொடியைச் சோதித்த முடிவை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பொடி உண்ட 37 பேரில் 22 பேருக்கு நச்சுயிரியின் மேற்பரப்புப் புரதம் குருதியிலிருந்து மறைந்தது. வெற்று மருந்து உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. வியக்கத்தக்க முடிவுதான். தமிழ்க் கட்டுரைகள் இதனோடு நின்றுவிடுகின்றன. 1990இல் தாய்லாந்திலும் 1994இல் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அம்முடிவு கிட்டவில்லை என்பதும், 2011இல் வெளிவந்த கோக்ரேன் திறனாய்வு போதிய சான்று இல்லை என்று கூறியதும் அவற்றில் இடம்பெறுவது அரிது.

மேலும், அச்சோதனை மஞ்சட்காமாலைக்கு உரியதன்று. மஞ்சட்காமாலை ஒரு நோய்க்குறி. பித்தநாளக் கல், எலிக்காய்ச்சல், நச்சுயிரித் தொற்று எனக் காரணம் பல. கல்லீரல் அழற்சி ஏ பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் தானே தணியும். அவ்வாரங்களில் எதைக் குடித்தாலும் அது தீர்த்ததாகவே தோன்றும். பித்தநாளம் அடைபட்டவரோ அதே நம்பிக்கையில் நாளைக் கடத்துவார். 'குணப்படுத்தும்' என்னும் ஒரு வினைமுற்றின் விலை இது.

இக்குறை மொழியினால் நேர்ந்ததன்று. பிறர் கூற்றையும் தன் முடிபையும் பிரித்துக் காட்ட 'என்ப' என்னும் சொல்லை இலக்கண நூலார் எத்துணைக் கவனமாக ஆண்டனர் என்பதை நாம் வகுப்பில் கற்பிக்கிறோம். 'மரபில் வழங்குகிறது', 'எலியில் கண்டது', 'மனிதரில் சோதித்தது' என்னும் மூன்றையும் வேறுபடுத்த இன்றைய தமிழிலும் தடையேதும் இல்லை. கருத்துணர்தல் பகுதிக்கு மூலிகைப் பனுவல் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர், 'கீழாநெல்லி காமாலையைக் குணப்படுத்தும்' என்னும் தொடரின் கீழ், 'எந்தக் கீழாநெல்லி? யார், எதில் கண்டது?' என இரு வினாக்களைச் சேர்த்துப் பார்க்கலாம். பல பனுவல்களில் அவற்றுக்கு விடை கிடைக்காது.