யாரை ஏமாற்றுகிறது இந்தக் கேமரா?

அரசியல்வாதியைப் பகடி செய்ய நட்சத்திர நடிகர் சரிப்பட மாட்டார். 1988-இல் எச்பிஓ தொலைக்காட்சிக்காக ராபர்ட் ஆல்ட்மன் இயக்கிய ‘டானர் 88’ இதைத் தெளிவாகப் புரிந்துகொண்ட தொடர். அதில் ஜாக் டானர் என்ற கற்பனை வேட்பாளராக வரும் மைக்கேல் மர்ஃபி, பல ஆண்டுகள் துணைப் பாத்திரங்களில் நடித்த குணச்சித்திர நடிகர். எங்கோ பார்த்த முகம், பெயர்தான் சட்டென்று நினைவுக்கு வராது. அமெரிக்க ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக முயலும் ஒரு முன்னாள் காங்கிரஸ் (நாடாளுமன்ற) உறுப்பினருக்கு இதைவிடப் பொருத்தமான முகம் அமையாது.

கார்ட்டூனிஸ்ட் கேரி ட்ரூடோ எழுதிய 11 பகுதிகள், உண்மையான தேர்தல் பிரசாரம் நடந்துகொண்டிருக்கும்போதே, அதன் நடுவிலேயே வீடியோவில் படமாக்கப்பட்டன. நியூ ஹாம்ப்ஷயரில் தொடங்கி அட்லாண்டா கட்சி மாநாடு வரை டானர் போகிறார். நிஜ வேட்பாளர்களான பாப் டோலும் பாட் ராபர்ட்சனும் அவருடன் கைகுலுக்குகிறார்கள். போட்டியிலிருந்து விலகிவிட்ட புரூஸ் பாபிட், பொட்டோமாக் நதிக்கரையில் அவரோடு நடந்தபடி தன் அனுபவத்தைப் பேசுகிறார். கற்பனை மனிதருக்கு நிஜ அரசியல்வாதி மனம் திறக்கும் அந்த நடை, போலி ஆவணப்பட வடிவத்தால் மட்டுமே கிடைக்கக்கூடிய காட்சி.

தொடரின் உச்சம் என்று நான் கருதுவது இன்னொன்று. விடுதி அறையில் சோர்ந்து கிடக்கும் தன் குழுவிடம் டானர் உள்ளம் பொங்கப் பேசுகிறார். கண்ணாடி மேசை வழியாக அவருடைய ஒளிப்பதிவாளர் அதை ரகசியமாகப் படம்பிடிக்கிறார். அந்தப் பேச்சு பிரசார விளம்பரமாகிறது. டானர் பொய் சொல்லவில்லை, பேசியது அத்தனையும் மனதாரத்தான். ஆனாலும் அந்த நேர்மை அங்கே விற்பனைச் சரக்காகிவிடுகிறது. பார்க்கும் நாமும் நெகிழ்ந்து போகிறோம். அரசியல்வாதி பொய்யர் என்பதோடு நின்றுவிடும் மலிவான கேலியைத் தாண்டி, அவர் உண்மை பேசினாலும் என்ன ஆகும் என்று கேட்கிறது இந்த அங்கதம். அதற்கு மர்ஃபியின் அடக்கமான நடிப்பு வேண்டியிருந்தது. ஒரு கண்சிமிட்டல் போதும், காட்சியே சரிந்திருக்கும்.

டெட்ராய்ட் நகரில் நடக்கும் பகுதியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வருகிறது. வன்முறையில் பிள்ளைகளை இழந்த உண்மையான பெற்றோர் அங்கே கற்பனை வேட்பாளர் முன் பேசுகிறார்கள். அவர்களின் துயரம் நடிப்பல்ல. மர்ஃபி அங்கே ஏறக்குறைய எதுவுமே செய்வதில்லை, கேட்கிறார். கேமராவும் அவசரப்படாமல் அவர்கள் முகத்திலேயே நிற்கிறது. அந்த மரியாதைதான் காட்சியைக் காப்பாற்றுகிறது. என்றாலும், தீர்வு தரும் அதிகாரம் ஒருபோதும் கிடைக்கப்போகாத ஒரு மனிதரிடம் அவர்கள் முறையிடுகிறார்கள் என்ற உறுத்தல் எனக்குப் போகவில்லை.

தொடரின் பலவீனமும் இதே நெருக்கத்திலிருந்துதான் பிறக்கிறது. டானருடன் தோன்றிய அரசியல்வாதிகளுக்குப் பெரிதாக எந்த இழப்பும் இல்லை. நகைச்சுவை உணர்வுள்ளவர்கள் என்ற நற்பெயர்தான் மிச்சம். யாரைக் குத்த வேண்டுமோ அவர்களையே விருந்தினராக அழைத்தால் கத்தி மழுங்கத்தான் செய்யும்.

டிம் ராபின்ஸ் எழுதி இயக்கி நடித்த ‘பாப் ராபர்ட்ஸ்’ (1992) இந்தச் சமரசத்தை மறுத்த படம். நாட்டுப்புறப் பாடல் பாடி வாக்குக் கேட்கும் வலதுசாரி செனட் வேட்பாளரை ஒரு பிரிட்டிஷ் ஆவணப்படக் குழு பின்தொடர்கிறது. எதிர் வேட்பாளராக எழுத்தாளர் கோர் விடால். துப்பாக்கிச் சூட்டில் கால்கள் முடங்கியதாகச் சொல்லப்படும் ராபர்ட்ஸின் பாதம் இசைக்குத் தாளம் போடுவதைக் கேமரா காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. கோபம் கூர்மையாக இருக்கிறது, ஆனால் டானரிடம் இருந்த மனிதச் சிக்கல் ராபர்ட்ஸிடம் இல்லை. முதல் காட்சியிலேயே அவரை எடைபோட்டு முடித்துவிடலாம். பாடல்களோ கேட்க நன்றாகவே இருக்கின்றன. படத்திலிருந்து பிரிந்தால் எதிர்த்தரப்புக்கே அவை பயன்படும் என்று அஞ்சி, ராபின்ஸ் பாடல் தொகுப்பை வெளியிட மறுத்தார். தன் வடிவத்தின் ஆபத்தை இவ்வளவு பொறுப்போடு உணர்ந்த இயக்குநர்கள் குறைவு.

அந்தப் பொறுப்பு ‘போராட்’ (2006) படத்தில் பாதிதான் இருக்கிறது. போராட் என்ற கற்பனைக் கஜகஸ்தான் செய்தியாளராக நடிக்கும் சாஷா பேரன் கோஹனின் துணிச்சலை நான் மதிக்கிறேன். ஆனால் கஜகஸ்தான் கிராமம் என்று காட்டப்பட்ட இடம் ருமேனியாவின் க்ளோட். அங்கே வாழும் ஏழை ரோமா மக்களில் சிலர், படத்தில் பாலியல் குற்றவாளியாகவும் கருக்கலைப்பு செய்பவராகவும் அறிமுகமாகிறார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய ஆவணப்படம் என்று நம்பவைக்கப்பட்டோம் என அவர்கள் பின்னர் குற்றம்சாட்டி, வழக்கும் தொடுத்தார்கள். வழக்கு எடுபடவில்லை. டெட்ராய்டில் எளியவர்கள் பேசக் கேமரா காத்திருந்தது. க்ளோட்டில் அவர்களுக்குத் தெரியாமலே அவர்கள் மீது அடையாளம் ஒட்டப்பட்டது. இந்தச் சிறுமை கதைக்குத் தேவைப்படவே இல்லை. அதே படத்தில் வர்ஜீனியா ரோடியோ மைதானத்தில் போராட் ஈராக் போரைப் புகழ்கிறார். அவர் சொற்களின் கொடூரம் ஏறிக்கொண்டே போக, கூட்டம் தொடர்ந்து ஆரவாரம் செய்கிறது. கிராமக் காட்சிகள் முழுவதையும் வெட்டி எறிந்திருந்தாலும், அந்த ஆரவாரம் சொல்லும் அரசியலில் ஒரு துளியும் குறைந்திருக்காது.