மீன்கண் லென்ஸும் வளைவின் லட்சணமும்

காமிரா லென்ஸ்களின் குலத்திலே மீன்கண் லென்ஸைப் போல ஆவலோடு வாங்கப்பட்டு, வெகு சீக்கிரத்தில் அலமாரிக்குள் ஒதுக்கப்படுவது வேறொன்று இருப்பதாகத் தோன்றவில்லை. வாங்கிய புதிதில் நண்பர்களின் மூக்கைப் பூதாகாரமாக்கிச் சிரித்து மகிழ்ந்தவர், அந்த வேடிக்கை தீர்ந்ததும், சுவரும் தூணும் வளைந்து போகின்றனவே என்று லென்ஸின் மேல் குற்றம் சுமத்தத் தொடங்கிவிடுகிறார். ஆனால் வளைவுதான் இந்த லென்ஸின் லட்சணம். அது எப்படி வளைக்கிறது என்பதை அறிந்து தேர்ந்தெடுப்பவருக்கே அதன் சௌந்தரியம் வசப்படும் என்பது என் அபிப்பிராயம்.

நேர்கோட்டை நேர்கோடாகவே காட்டும் சாதாரண லென்ஸில், பார்வைக் கோணம் விரிய விரியப் படத்தின் ஓரங்கள் இழுபட்டுக்கொண்டே போகும்; கோணம் 180 பாகையை எட்டுமானால் பிம்பம் எல்லையற்றதாகிவிடும். ஆகவே, அரைக்கோளமாக நம்மைச் சூழ்ந்து நிற்கும் காட்சியை ஒரு சிறு சமதளத்தில் அடக்க விரும்புகிறவர் நேர்கோடுகளைத் தியாகம் செய்தே தீரவேண்டும். நீருக்குள்ளிருந்து நோக்கும் மீனுக்கு வெளியுலகம் எவ்வாறு தென்படும் என்று ஆராய்ந்து, நீர் நிரப்பிய ஊசித்துளைக் காமிராவால் படமெடுத்து, 1906-இல் இப்பெயரை வழங்கியவர் அமெரிக்கப் பௌதிக அறிஞர் ராபர்ட் உட். ஆகாயம் முழுவதையும் மேகங்களோடு ஒரே படத்தில் பிடிக்க 1924-இல் கேம்பிரிட்ஜின் ராபின் ஹில் ஒரு லென்ஸை வகுத்தார். 1962-இல் நிக்கான் நிறுவனம் சாதாரணக் காமிராவில் மாட்டக்கூடிய 8 மி.மீ. லென்ஸை வெளியிட்டபோதுதான், விஞ்ஞானிகளின் கருவியாக இருந்த இது கலைஞர்களின் கைக்கு வந்தது. பின்னர் அதே நிறுவனம் செய்த 6 மி.மீ. லென்ஸோ 220 பாகை விரிந்து, தனக்குப் பின்னால் இருப்பதையும் ஓரளவு பார்த்தது. அதன் எடை ஐந்து கிலோவுக்கும் அதிகம்!

இன்றைய டி.எஸ்.எல்.ஆர். காமிராவுக்குத் தேர்வு செய்கையில் முதலில் கவனிக்க வேண்டியது சென்சாரின் அளவு. கறுப்புச் சட்டத்தின் நடுவே காட்சியை முழு வட்டமாக அமைப்பது ஒரு வகை. சட்டம் முழுவதையும் நிரப்பி, மூலைக்கு மூலை 180 பாகை காட்டுவது மற்றொரு வகை. ஃபுல் ஃபிரேம் காமிராவில் 8 மி.மீ. லென்ஸ் முதல் வகையையும், 15 அல்லது 16 மி.மீ. லென்ஸ் இரண்டாவது வகையையும் தரும். அந்த 8 மி.மீ. வட்ட லென்ஸை அதைவிடச் சிறிய கிராப் சென்சார் உள்ள காமிராவில் மாட்டினால், வட்டத்தின் தலையும் அடியும் வெட்டுண்டு, படம் இரண்டுங்கெட்டானாகிவிடும். வட்டப் படம் வானத்தை ஆராய்பவருக்குப் பிரயோஜனம். மற்றவர்களுக்கு விரைவில் அலுத்துவிடும்.

அடுத்தது வளைவின் விதி. பெரும்பாலான மீன்கண் லென்ஸ்கள் ஓரத்தில் உள்ள பொருள்களைக் கசக்கி ஒடுக்குகின்றன. கிராப் சென்சாருக்கென்று கொரியாவின் சாம்யாங் நிறுவனம் செய்த 8 மி.மீ. எஃப்/3.5 லென்ஸோ வேறொரு விதியைப் பின்பற்றி, ஓரத்தில் நிற்கும் மனிதனையும் பெரும்பாலும் மனிதனாகவே விட்டுவைக்கிறது. எவ்விதியாயினும், மையத்தின் வழியாகச் செல்லும் கோடு வளைவதில்லை என்பது பொது நியதி. நெடிய பிராகாரம் ஒன்றின் நடுவில் நின்று, அதன் மறுகோடி படத்தின் மையத்தில் விழும்படி காமிராவைப் பிடித்தால், மையத்தை நோக்கி ஓடும் தளவரிசையும் உத்தர விளிம்புகளும் இம்மியும் கோணாமல் நிற்க, இரு பக்கத்துத் தூண்கள் மட்டும் வெளிப்புறமாக வளைந்து அந்த நேர்மைக்கு ஒரு சட்டம் அமைத்துக் கொடுக்கும். அடிவானமும் மையத்தில் நேராகக் கிடந்து, காமிராவைச் சற்றே தாழ்த்தினால் மேல்நோக்கிப் புடைத்தும், உயர்த்தினால் கீழ்நோக்கித் தொய்ந்தும் காட்சியளிக்கும். இந்த அளவைக் கை அறிந்துகொண்டபின் லென்ஸ் சொன்னபடி கேட்கும்.

ஃபோகஸைக் கையால் திருப்ப வேண்டியிருக்கிறதே என்று சாம்யாங்கை ஒதுக்குவது அநாவசியம். 8 மி.மீ. லென்ஸில் எஃப்/8 வைத்து, அரை மீட்டருக்கு ஃபோகஸை நிறுத்திவிட்டால், கிராப் சென்சாரில் ஏறக்குறைய கால் மீட்டரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை எல்லாம் தெளிவாகவே விழும். கவனம் வேறிடத்தில் தேவை: லென்ஸைத் தாங்கும் இடக்கை விரல் நுனியும், முக்காலியின் காலும், எடுப்பவரின் செருப்பும் அழைக்காமலே படத்துக்குள் வந்து அமர்ந்துகொள்ளும். முன்கண்ணாடி புடைத்து நிற்பதால் அதன்மேல் ஃபில்டர் மாட்ட வழியில்லை. எனவே பழைய லென்ஸை வாங்குகிறவர் அதைச் சூரியனைப் பார்க்கச் சாய்த்து, கீறல் உண்டா என்று உற்று நோக்க வேண்டும்.

ஃபுல் ஃபிரேம் காமிராவும் பணவசதியும் உடையவருக்கு, 2011-இல் வந்த கானான் 8–15 மி.மீ. எஃப்/4 லென்ஸ் வட்டத்தையும் நிறைந்த சட்டத்தையும் ஒருங்கே தரும் உத்தமமான தேர்வு; நிக்கான்காரருக்கும் 2017 முதல் அதே 8–15 மி.மீ. வீச்சில் ஒன்று உண்டு. நீருக்கடியில் படமெடுப்பவர் கிராப் சென்சாரில் டோக்கினா 10–17 மி.மீ. லென்ஸை நம்பலாம். முதன்முதலாகப் பழகுகிறவருக்குச் சாம்யாங் 8 மி.மீ. தாராளமாகப் போதும். எதை வாங்கினாலும், கடையை விட்டு வெளியேறுமுன், எதிர்ச் சுவரின் விளிம்பை மையத்துக்குக் கொண்டுவந்து நேராக நிறுத்திப் பாருங்கள். அந்த ஒரு கோட்டை நிறுத்தத் தெரிந்தவர் மற்ற கோடுகள் வளைவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை.