காதுக்கான செய்தித் தொடர்: வைகை வெள்ள எச்சரிக்கையை முன்வைத்து

சி. பா. ஆதித்தனார் 1942இல் மதுரையில் தொடங்கிய ‘தினத்தந்தி’, தமிழ்ச் செய்திநடையைப் பேச்சுக்கு அருகில் கொண்டுவந்தது. கொச்சை நீக்கிய பேச்சுத்தமிழே செய்திக்கு உரியது என்பது அவர் கொள்கை. தேநீர்க் கடையில் ஒருவர் படிக்கப் பலர் கேட்ட இதழுக்கு அது பொருந்தியது. ஆயின் பின்வந்தோர் அதனைப் பெரிதும் சொல்லளவிலேயே கைக்கொண்டனர். கடினச் சொற்கள் நீங்கின. தொடரின் அடுக்கு நீங்கவில்லை. வானொலிக்கும் இணையத்திற்கும் எழுதப் பழகுவோர் இடறுமிடம் இதுவே.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதற்கட்ட எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாம் எச்சரிக்கையும், 69 அடியில் மூன்றாம் எச்சரிக்கையும் விடுக்கப்படும். இச்செய்தி வழக்கமாகப் பெறும் வடிவம்: ‘நீர்ப்பிடிப்புப் பகுதிகளில் பெய்துவரும் தொடர்மழையால் வைகை அணையின் நீர்மட்டம் 69 அடியை எட்டியதையடுத்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களின் கரையோர மக்களுக்கு மூன்றாம் கட்ட வெள்ள அபாய எச்சரிக்கை விடுக்கப்பட்டுள்ளது.’ இதில் கடினமான சொல் ஒன்றேனும் இல்லை. அச்சில் குறையும் இல்லை. கண் பின்சென்று மீளும். காதுக்கு அவ்வசதி கிடையாது. ஆற்றோரத்தில் இருப்பவர் தமக்குரிய சொல்லைக் கேட்பதற்குள் மழையையும் அணையையும் ஐந்து மாவட்டங்களையும் நினைவில் சுமக்க வேண்டியுள்ளது. ‘வைகைக் கரையோர மக்களுக்கு மூன்றாம் கட்ட வெள்ள எச்சரிக்கை. அணை நீர்மட்டம் 69 அடியை எட்டியுள்ளது’ எனப் பிரித்தால் சுமை குறைகிறது. சொற்கள் ஏறத்தாழ அவையே. வரிசை மட்டும் மாறியுள்ளது.

முக்கியமானதை முதலில் கூறுக என்னும் ‘தலைகீழ்ப் பிரமிடு’ முறை ஆங்கிலப் பாடநூல்களிலிருந்து வந்தது. ஆங்கிலத்தில் வினை எழுவாயை ஒட்டியே வந்துவிடும். தமிழில் அது இறுதியில் நிற்கும். ஆகவே முதல் தொடரிலேயே அனைத்தையும் அடைக்க முயலும் மாணவர், எச்ச அடுக்குகளால் செய்தியைத் தாமே பின்னுக்குத் தள்ளுகிறார். வகுப்புகள் இதனை மொழியியல் சிக்கலாகக் காணாமல் பயிற்சிக் குறைவாகக் காண்பது வியப்பே.

எண்களும் இத்தகையனவே. பெரியாறு பிரதானக் கால்வாயின் ஒருபோகப் பாசனம் 85,563 ஏக்கர். திருமங்கலம் கால்வாயினது 19,439 ஏக்கர். அரசுக் குறிப்பில் இவை வேண்டும். வானொலி கேட்கும் உழவர் அறிய விரும்புவது, தம் கால்வாயில் எந்நாளில் நீர் வரும் என்பதையே.

இணையத்தில் இடர் வேறு. வானொலியின் ‘இன்று’ ஒலியோடு மறைந்துவிடும். இணையத்தின் ‘இன்று’ மறைவதில்லை. சென்ற ஆண்டின் எச்சரிக்கை இவ்வாண்டு மழைநாளில் வாட்ஸ்அப் வழியே பகிரப்படும்போது, அச்சொல் பொய்யாகிறது. பக்கத்தின் தலைப்பில் உள்ள தேதி, வெட்டி ஒட்டப்பட்ட பத்தியுடன் செல்வதில்லை. எனவே நாளும் மாதமும் ஆண்டும் முதல் தொடருக்குள்ளேயே இடம்பெற வேண்டும். காதுக்குச் சுமையாகும் அத்தேதி இங்குக் காப்பாகிறது. ஒரே செய்தியை இரு ஊடகங்களுக்கும் மாற்றமின்றி அனுப்பும் வழக்கம் இவ்விடத்தில்தான் முறிகிறது.